கடைத்தெருவை எண்ணிய மாரி

அறுபதை எட்டிப் பார்க்கும் நம்மில் சிலர், வயது போகப் போகப் பொறாமையும் போய்விடும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படி நடக்கவில்லை. கண் மங்கிவிட்டது. முழங்கால் மடங்க மறுக்கிறது. நேற்று வந்தவரின் பெயர் இன்று நினைவில் இல்லை. என் மச்சாள் மேல் எனக்கிருந்த பொறாமைக்கு மட்டும் ஒரு நரை விழவில்லை. உங்களுக்கும் அப்படியொரு மச்சாளோ சிநேகிதியோ வாய்த்திருந்தால் நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. வாய்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்களும் கேட்கலாம்.

எங்கள் வீடு வெள்ளாங்குளத்தில் இருந்தது. வயல்காரர்கள். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை வயிற்றில். ஐப்பசி பிறந்ததும் கால் இரண்டும் வீங்கி, கிணற்றடியில் தலைசுற்றி விழுந்துவிட்டார். மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, பிள்ளை பிறக்கும்வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டொக்டர் மறித்துவிட்டார். ஐயாவுக்கு விதைப்புக் காலம். அண்ணன்மார் இருவரும் அவரோடு வயலில். மிஞ்சியது நான்.

ஐயாவின் ஒரே தங்கை மன்னார்ப் பட்டினத்தில், கடைத்தெருவில், மாமாவின் புடவைக்கடைக்கு மேல்மாடியிலேயே குடியிருந்தார். "மாமியோட நிண்டு அங்கயே பள்ளிக்கூடம் போகட்டும். பின்னேரத்தில தாயையும் போய்ப் பாக்கலாம்," என்றார் ஐயா. ஒரு தகரப் பெட்டியில் என் இரண்டு சட்டைகளும் பள்ளிச் சீருடையும் வைக்கப்பட்டன. அந்த மாரி முழுவதும் நான் பட்டினத்துப் பிள்ளையானேன்.

பெருநிலத்தையும் மன்னார்த் தீவையும் இணைக்கும் தாம்போதியில் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் கடல். வற்றுக் காலத்துச் சேற்று மணம் யன்னல் வழியே வந்தது. கோட்டையைத் தாண்டி பஸ் கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது நான் ஐயாவின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு சனத்தை நான் திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரியில்தான் பார்த்திருந்தேன். தலையில் கருவாட்டுக் கடகங்களோடு பெண்கள், வெள்ளைத் தொப்பி போட்ட வியாபாரிகள், குடைக்குள் இரண்டு கன்னியாஸ்திரிகள், அரசாங்க அலுவலகமான கச்சேரியின் கடிதத்தை மழைக்குப் பயந்து மடியில் செருகிய கமக்காரர்கள். ஒரு கடையில் வானொலி, அடுத்த கடையில் இன்னொரு வானொலி. நடுவே, இரண்டு கையாலும் துணியைக் கிழிக்கும் அந்தச் சத்தம். அது மாமாவின் கடையிலிருந்து வந்தது.

கடை வாசலில், கைப்பிடி வைத்த பெரிய கதிரையில் மாமா இருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து வந்து ஐயாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஐயா சுற்றிவரப் பார்த்துச் சிரித்தார். பக்கத்துக் கடைக்காரரிடம் போய், "இது என்ர தங்கச்சியின்ர கடை," என்று தேவையில்லாமல் சொன்னார். ஐயா மன்னாருக்கு வரும்போதெல்லாம் அதைச் சொல்வார். தங்கையின் சீதனமாகத் தான் கொடுத்த குளத்தடி வயல்தான் இந்தக் கடையானது என்ற பெருமை அவருக்கு.

மாமியின் மகள், என்னைவிட ஒரு மாதம் மூத்த மச்சாள், மேல்மாடி யன்னலில் நின்றுகொண்டிருந்தாள். நான் பெட்டியோடு படியேறிப் போனதும் கையைப் பிடித்து இழுத்து யன்னலடிக்குக் கொண்டுபோனாள்.

"பார். இதெல்லாம் எங்கட ரவுண்," என்றாள். பட்டினத்தை அவள் 'ரவுண்' என்றுதான் சொல்வாள்.

"இவ்வளவு சனமும் இங்கயே இருக்கிறவை?"

"வேற எங்க இருக்கிறது? உங்கட ஊரில எத்தினை பேர்?"

"எங்கட ஒழுங்கையில எட்டு வீடு."

அவள் சிரித்தாள். கேலியாகச் சிரித்திருந்தால் நான் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சின்னப்பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதுபோலச் சிரித்தாள். அந்த நேரத்தில் தொடங்கியது என் பொறாமை.

எதையெல்லாம் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. யன்னலில் அவளுக்கென்று ஒரு இடம். நான் அவளுடைய தோளுக்கு மேலால்தான் தெருவைப் பார்க்கவேண்டும். கடையில் மிஞ்சும் துண்டுத் துணிகளில் வாரத்துக்கொரு நிறத்தில் தலைக்கு ரிபன். மாமி அவளுடைய தலைக்கு வைக்கும் எண்ணெயைத்தான் எனக்கும் வைத்தார், ஆனாலும் அவளுடைய பின்னல்தான் மினுங்கியது. பின்னேரம் இருவரும் அம்மாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு நடப்போம். தெரு முழுக்க அவளைத் தெரியும். மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டு இனிப்புக் கொடுப்பார். தேத்தண்ணிக்கடை ஐயா, "முதலாளியின்ர மகள் போறா, வழி விடுங்கோ," என்று சனத்தை விலக்குவார். அவள் ராசாத்திபோல நடப்பாள். பின்னால் போகும் என்னைப் பார்த்து, "இது ஆர், கூட வந்த பிள்ளையோ?" என்பார்கள்.

மழை பெய்தால் சனம் வராது என்று மழைக்காக நேர்ந்துகொண்டேன். மழை பெய்தது. சனம் குடையோடு வந்தது. தெரு இன்னும் நிறைந்துபோனது.

அம்மாவிடம் முறையிட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி, "அவளுக்கு இருக்கிறது அவளுக்கு. உனக்கு என்ன குறை?" என்றார். எனக்கு ஒரு பட்டினம் இல்லை. அதை எப்படிச் சொல்வது?

பள்ளிக்கூடத்தில் ரீச்சர் 'நான் வாழும் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார். மச்சாள் எழுதியதை வகுப்புக்கு முன்னால் வாசிக்க வைத்தார். "ஆயிரமாயிரம் மக்கள் வாழும் எங்கள் மாநகரம்" என்று தொடங்கியது அது. ரீச்சர் கைதட்டினார். என்னுடைய கட்டுரையின் கீழே, "எழுத்துப் பிழைகளைக் கவனிக்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

நான் எழுந்து நின்றேன். "ரீச்சர், அவையள் இங்க வாழேல்லை. வந்திட்டுப் போகினம். எங்கட ஐயாவும் வந்திட்டுப் போறவர். எங்கட ஊர் ஆக்களைக் கடைத்தெருவில கண்டனான்."

வகுப்பு சிரித்தது. ரீச்சருக்கு அவசரம்; மணி அடிக்கப் போகிறது. "அப்பிடியோ? அப்ப எத்தினை பேர் இருக்கினம், எத்தினை பேர் வந்து போகினம் எண்டு எண்ணிப்போட்டு வந்து சொல்லும்," என்றார்.

அவர் அதைப் பகிடியாகச் சொன்னார். நான் அப்படி எடுக்கவில்லை. பெரியவர்கள் வாயில் வரும் ஒரு வார்த்தை பிள்ளையின் தலைக்குள் எங்கே போய் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. அன்று பின்னேரமே ஒரு புதுக் கொப்பியின் நடுவே கோடு இழுத்தேன். ஒரு பக்கம் 'இருக்கிறவர்கள்'. மற்றப் பக்கம் 'வந்து போகிறவர்கள்'.

மச்சாள் தினமும் ஆறு மணிக்கு முன்னரே யன்னலைச் சாத்திவிடுவாள். "நுளம்பு வந்து கடிக்கும்," என்பாள். அன்று அவள் உள்ளறையில் கணக்குச் செய்துகொண்டிருந்தபோது நான் மெதுவாகத் திறந்து பார்த்தேன். தலைமன்னார் பஸ் வெளிக்கிட்டது. அது போக முருங்கன் பஸ். பிறகு சிலாவத்துறைப் பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொரு பஸ்ஸும் போகப் போகத் தெரு வற்றிக்கொண்டு வந்தது. தோட்டவெளியிலிருந்து மரக்கறி கொண்டுவந்த பெண்கள் வெறும் கடகங்களைக் கவிழ்த்துத் தலையில் வைத்தபடி நடந்துபோனார்கள். கடைக்காரர்கள் பலகைகளை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டு, சைக்கிள்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அரை மணித்தியாலத்தில் யாருமில்லை. மழைத் தண்ணீர் தேங்கிய தெருவின் நடுவே நாலைந்து கழுதைகள் வந்து நின்றன. ஒன்று மருந்துக்கடை வாசற்படியில் ஏறி ஒதுங்கியது.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். எங்கள் ஒழுங்கையில்கூட அந்த நேரத்தில் அதைவிட அதிகம் ஆட்கள் இருப்பார்கள்.

அடுத்த இரண்டு வாரமும் பள்ளி விட்டு வந்ததும் கொப்பியோடு கடை கடையாக ஏறி இறங்கினேன். பள்ளிக்கூட வேலை என்று சொன்னதால் ஒருவரும் கலைக்கவில்லை. "நீங்கள் எவடம்? இரவில எங்க படுக்கிறனீங்கள்?" என்று கேட்பேன். தையல்கடைக்காரர் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, "எருக்கலம்பிட்டி, புள்ள. அஞ்சரைக்கெல்லாம் சைக்கிள்ள ஏறிடுவன்," என்றார். மருந்துக்கடைக்காரர் யாழ்ப்பாணம், மாதக் கடைசியில் வீட்டுக்குப் போவார், மற்ற நாட்களில் கடைக்குள்ளேயே பாய். தேத்தண்ணிக்கடை ஐயா விடத்தல்தீவு. கருவாடு வாங்குபவர் பேசாலை. வங்கியில் வேலை செய்பவர் மட்டக்களப்பு. 'வந்து போகிறவர்கள்' பக்கம் நிறைந்து அடுத்த தாளுக்குப் போனது. 'இருக்கிறவர்கள்' பக்கத்தில் பாதித் தாள்கூட நிரம்பவில்லை. அதில் முதலாவதாக மாமா வீட்டைத்தான் எழுதியிருந்தேன்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வருவார். வெள்ளைச் சட்டை, தங்கச் சங்கிலி போட்ட கைக்கடிகாரம். மச்சாள் அவரை 'யாழ்ப்பாணத்து மாமா' என்பாள். அவர் வரும் நாளில் எங்கள் மாமா கதிரையை விட்டு எழுந்து நிற்பார். விருந்தாளிக்கு மரியாதை என்று நினைத்திருந்தேன். அந்தமுறை அவர் அந்தக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மாமா பண்டகசாலைப் பக்கம் போயிருந்தார். நான் கொப்பியைக் கொண்டுபோனேன்.

"நீங்கள் எவடம்?"

"யாழ்ப்பாணம், பிள்ளை. என்ன எழுதுறீர்?"

"எந்தக் கடை ஆரின்ர எண்டு எழுதுறன். உங்களுக்குக் கடை இருக்கோ?"

அவர் சிரித்தார். "இது என்ர கடை தானே."

"இது மாமாவின்ர கடை."

"மாமா இங்க நிண்டு பாக்கிறவர். நல்ல மனுசன். ஆனா கடை என்ர." குழந்தையிடம் சொல்வதால் ஒன்றும் ஆகாது என்று அவர் நினைத்திருக்கவேண்டும். கிளாசை வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

நான் படியின் கீழ் இருந்து அதை எழுதினேன். அழகான எழுத்தில், பிழையில்லாமல் எழுதினேன். கிட்டத்தட்ட ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மச்சாள் யன்னலில் நின்று, "அங்க பார், இண்டைக்கு எவ்வளவு சனம் எங்கட கடையில," என்று சொல்லும்போதெல்லாம், வாய்க்குள் இனிப்பை ஒதுக்கி வைத்திருப்பதுபோல அதை வைத்திருந்தேன்.

மார்கழியில் தங்கச்சி பிறந்தாள். இரண்டு வாரம் கழித்து அம்மாவை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கூட்டிப்போக ஐயா வந்தார். மாமி கணவாய்க் கறியும் முருங்கைக்காய்ப் பிரட்டலும் வைத்து மதியச் சாப்பாடு போட்டார். மேல்மாடி அறையில் எல்லோரும் சம்மணமிட்டு இருந்தோம். அம்மா கதிரையில், மடியில் பிள்ளை. ஐயாவின் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. அம்மாவும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள், வயலும் பசுமையாக நிற்கிறது.

"மச்சான்," என்றார் ஐயா மாமாவிடம், "பெரியவனுக்குப் படிப்பில நாட்டமில்லை. அவனை உங்கட கடையில கொண்டந்து விடலாமோ எண்டு யோசிக்கிறன். நாலு பேரைப் பாத்துப் பழகட்டும்."

மாமா சோற்றைப் பிசைந்தபடி, "பாப்பம், மச்சான். பாப்பம்," என்றார்.

மச்சாள் குறுக்கே விழுந்தாள். "பெரிய மச்சான் இங்க வந்தா எங்கட ரவுணை விட்டிட்டுப் பிறகு வெள்ளாங்குளத்துக்குப் போகவே மாட்டார், மாமா. அங்க என்ன இருக்கு?"

ஐயா அதற்கும் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் ஐயா, எங்கள் ஊரைப் பழித்ததற்கு அவளோடு சேர்ந்து சிரிக்கிறார். நான் எழுந்துபோய்க் கொப்பியைக் கொண்டுவந்தேன்.

"ரீச்சர் எண்ணச் சொன்னவ. நான் எண்ணினனான். இந்த ரவுணில ஆக்களே இல்லை. வாசிக்கட்டோ?"

"வாசி, வாசி," என்றார் ஐயா.

வாசித்தேன். தையல்கடை, எருக்கலம்பிட்டி. மருந்துக்கடை, யாழ்ப்பாணம். ஒவ்வொன்றுக்கும் ஐயா தலையாட்டி, "கெட்டிக்காரி, கச்சேரியில வேலை செய்யிறமாதிரி எழுதியிருக்கிறாள்," என்றார். அம்மாவும் சிரித்தார். நான் தாளைத் திருப்பினேன். "புடவைக்கடை. முதலாளி யாழ்ப்பாணம். மாமா அங்க வேலை செய்யிறவர்."

கீழே துணி கிழியும் சத்தம் கேட்டது. மாமாவின் விரல்கள் சோற்றுக்குள் அப்படியே நின்றுவிட்டன.

"என்ன மச்சான் இது? பிள்ளை என்ன சொல்லுறாள்?"

மாமிதான் குசினி வாசலில் நின்றபடி சொன்னார். "அண்ணை, நான் சொல்லத்தான் இருந்தனான். சாப்பிட்டு முடியுங்கோ."

"எப்ப இருந்து?"

"மூண்டு வருசம்."

ஐயா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். "மூண்டு வருசமா இந்தத் தெருவில ஒவ்வொருத்தனுக்கும் என்ர தங்கச்சியின்ர கடை எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்," என்றார். "அவங்கள் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியாது."

"மச்சான், சோத்தில கோபப்படாதேங்கோ," என்றார் மாமா. அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று ஐயா எழுந்து கைகழுவப் போனார். இலையில் பாதிச் சோறு இருந்தது.

அந்தக் கணத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வென்றுவிட்டேன் என்று தோன்றியது. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்வரை தோன்றியது. பாதிப் படியில் மச்சாள் வந்து நின்றாள். அழவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள். "எப்பவோ தெரியும். நீ ஏன் சொன்னனீ?"

அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை. கடை தங்களுடையதல்ல என்று தெரிந்துகொண்டே அவள் அந்த யன்னலில் நின்றிருக்கிறாள். ஆறு மணிக்கு முன்னரே அதைச் சாத்தியிருக்கிறாள். நான் அவளைத் தாண்டி இறங்கினேன். தாம்போதியைக் கடக்கும்போது தங்கச்சி அழுதுகொண்டிருந்தாள். ஐயா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமாவின் கடை எப்படிக் கைமாறியது என்பதை அம்மா வெகுகாலம் கழித்துச் சொன்னார். ஒரு மடு மாதா கோயில் திருவிழாக் காலத்தில், வந்துபோன யாத்திரீகர்களால் கடைத்தெரு மூன்று வாரம் நெருங்கிக் கிடந்ததாம். மாமா கடை வாசலில் இருந்து அந்தச் சனத்தைப் பார்த்தார். பட்டினம் வளர்ந்துவிட்டது, இனி எந்நாளும் இப்படித்தான் என்று நம்பினார். அதை நம்பிக் கடனுக்குப் புடவைக் கட்டுகளை இறக்கினார். திருவிழா முடிந்தது. சனம் தங்கள் தங்கள் ஊருக்குப் போனது. கட்டுகள் கூரைவரை கிடந்தன. கடன் கொடுத்த யாழ்ப்பாணத்துக்காரர் கடையை எடுத்துக்கொண்டார். சனத்துக்குப் பழகிய முகம் என்பதால் மாமாவை அதே கதிரையில் இருக்கவிட்டார். யன்னலில் நின்ற மகள் எதைப் பார்த்து ஏமாந்தாளோ, வாசலில் இருந்த தகப்பனும் அதையே பார்த்து ஏமாந்திருந்தார்.

மாமி தன்னை ஏமாற்றிவிட்டார் என்று ஐயா முடிவுகட்டினார். சீதனமாகத் தந்த வயல் போய்விட்டதை அறிந்தால் அண்ணன் உடைந்துபோவார் என்று மாமி மறைத்தார். இருவரும் மற்றவரைப் பிழையாகக் கணித்தார்கள். மாமி இரண்டு தடவை வெள்ளாங்குளத்துக்கு வந்தார். இரண்டு தடவையும் ஐயா வயலுக்குப் போய், அவர் திரும்பிப் போகும்வரை வரப்பில் இருந்தார். கச்சேரி அலுவலாக மன்னாருக்குப் போனாலும் கடைத்தெருவில் கால் வைக்கமாட்டார்; கடற்கரைப் பக்கத்தால் சுற்றிப்போவார். சில வருடங்களில் மாமா குடும்பம் வவுனியாவுக்குப் போனது. சண்டைக் காலத்தில் அங்கிருந்தும் கிளம்பி, படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். மாமா திருச்சியில் செத்தார். ஐயா கண் மூடும்போது அவருடைய ஒரே தங்கை கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

நான் கச்சேரியில் எழுதுவினைஞரானேன். பட்டினத்து மனிதரையே கட்டி, கடைத்தெருவுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் குடியேறினேன். இடம்பெயர்ந்து அலைந்த காலம் போக, முப்பது வருடத்துக்கு மேல் அந்த வீடுதான். கந்தோர் யன்னலால் பார்த்துத்தான் பட்டினத்தின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே அந்தத் தாம்போதிதான் ஒரே கழுத்து. மரண அத்தாட்சியோ, காணி அனுமதியோ, பல்வலியோ, வழக்கோ, கலியாணப் புடவையோ, முசலியிலிருந்து வெள்ளாங்குளம் வரைக்கும் எல்லோரும் அந்தக் கழுத்தால்தான் வரவேண்டும். வந்து, அந்த ஒரே தெருவில்தான் நிற்கவேண்டும். ஒரு மாவட்டமே தன் கவலைகளையும் ஆசைகளையும் அரை மைல் நீளத்துக்குள் கொண்டுவந்து இறக்கினால், அந்த அரை மைல் மாநகரம்போலத்தான் தெரியும். பத்து வயதில் இதை நான் கண்டுபிடித்தேன். அதை வேறு எதற்காவது பயன்படுத்தியிருக்கலாம்.

போன வருடம் மச்சாள் வந்தாள். திருக்கேதீச்சரத்துக்கு ஒரு நேர்த்தி என்றாள். தலை முழுவதும் நரைத்து, பேச்சில் இந்தியச் சாயல் கொஞ்சம் ஏறி, ஆனால் அதே நடை. நாலு நாள் என் வீட்டில் தங்கினாள். முதல்நாள் காலையில், குசினி மேசையில் தேத்தண்ணீரோடு சாப்பிடப் பாண் வெட்டிக்கொண்டிருந்தபோது நான் தொடங்கினேன்.

"அண்டைக்கு நான் அந்தக் கொப்பியை..."

"விடு," என்றாள். சீனிப் போத்தலைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு தானாகவே சொன்னாள். "அப்பாவுக்கு அது ஒரு நிம்மதி. அண்டைக்குப் பிறகுதான் மனுசன் நேரத்துக்குச் சாப்பிட்டது. ஒளிச்சு ஒளிச்சுக் களைச்சுப்போனார்." தேத்தண்ணீரைக் கலக்கினாள். "அம்மாவுக்குத்தான் அண்ணன் இல்லாமப் போனார். கடைசி மட்டும் சொல்லிச் சொல்லி அழுதவ."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையாட்டினாள். மன்னித்தாளா, கேட்டது விளங்கியது என்று தலையாட்டினாளா, தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

மத்தியானம் கடைத்தெருவுக்குப் போனோம். அவள் நடுத்தெருவில் நின்று, "ஐயோ, எவ்வளவு சனம்!" என்றாள். இத்தனை வருடமாக இங்கே வாழும் எனக்கு இந்தத் தெரு மீன், மரக்கறி, மருந்து. அவளுக்கு ஒரே பார்வையில் அது திரும்பவும் மாநகரம்.

தெருவின் அந்தக் கோடியில், புத்தளத்தில் இருபது வருடம் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பிவந்த ஒரு கிழவர் தையல் இயந்திரத்தின் முன்னால் இருப்பார். மகன்தான் இப்போது தைக்கிறான். இவர் சும்மா இருப்பார். பத்து வயதில் என் கொப்பிக்கு முதல் பதில் சொன்னவர். அவர் திரும்பி வந்ததிலிருந்து நான் அந்தக் கடைக்கு ஒருநாளும் துணி கொடுத்ததில்லை. அந்தக் கொப்பியின் வெட்கத்தில் எதிர்ப்பக்கத்தால் நடந்துபோய்விடுவேன். மச்சாள் நேரே போய் அவர் முன்னால் நின்று, முஸ்லிம் கடைக்காரரை அண்ணன் முறையில் கூப்பிடும் அந்தப் பழைய வழக்கப்படி 'நானா' என்று கூப்பிட்டாள்.

"என்னைத் தெரியுதா, நானா? புடவைக்கடையின்ர மகள்."

கிழவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். முகம் மெல்ல மெல்லத் திறந்தது. "மேல்மாடிப் புள்ளயா? அல்லாவே! எங்கட முதலாளிட மகளா?" மகனைக் கூப்பிட்டார். பக்கத்துக் கடையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கதிரை கொண்டுவந்தார், ஒரு கதிரை. இன்னொருவர் சோடா உடைத்தார். அவர்களில் பாதிப்பேர் அவள் இங்கிருந்து போன பிறகு பிறந்தவர்கள். ஆனாலும் சிரித்தார்கள், விசாரித்தார்கள், வழிவிட்டார்கள். நான் வெயிலில் நின்றேன். இந்த வயதிலும், கையில் மரக்கறிப் பையோடு, அவளுக்குப் போட்ட அந்த ஒரு கதிரையையே பார்த்தேன்.

கிழவர் அப்போதுதான் என்னைக் கவனித்தார். "இவ ஆரு?"

"இது என்ர மச்சாள்," என்றாள் அவள். "வெள்ளாங்குளம்."

வாய்வரை வந்துவிட்டது. இங்கேதான் இருக்கிறேன், முப்பது வருடத்துக்கு மேலாக, இதோ அந்த ஒழுங்கையில். உங்கள் வீட்டுக் காணிப் பத்திரம்கூட என் மேசையைத் தாண்டித்தான் போயிருக்கும். மச்சாள் சோடாப் போத்தலோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதில் பழியுமில்லை, கேலியுமில்லை. நான் ஏதாவது சொல்லப்போகிறேனா என்று மட்டும் பார்த்தாள்.

"ஓம்," என்றேன். "வெள்ளாங்குளம்."

"அப்ப சுணங்காதீங்க," என்றார் கிழவர், உண்மையான அக்கறையோடு. "உங்கட பஸ் இப்ப வெளிக்கிடும்."

அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, வந்து போகிற ஒருத்தியாக, என் வீட்டுக்கு எதிர்த்திசையில், பஸ் நிற்கும் பக்கமாக நடக்கத் தொடங்கினேன்.